வலி அடங்கிய மூட்டில் மிச்சமிருக்கும் ஊசிகள்

கௌட் (யூரிக் அமிலத்தின் உப்பான யூரேட் மூட்டில் படிவதால் வரும் வாதம்) வந்து வீங்கிய முழங்காலிலிருந்து எடுத்த மூட்டு நீர் ஒரு சொட்டு. ஸ்லைடில் விட்டு, கவர் ஸ்லிப் மூடி, துருவ ஒளி நுண்ணோக்கியில் பார்த்தால் ஊசி போன்ற யூரேட் படிகம் ஒன்று நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவுக்குள் கிடக்கும். பல சமயம் ஊசி செல்லைவிட நீளமாக இருந்து இரண்டு பக்கமும் வெளியே நீட்டியிருக்கும். நுண்ணோக்கியில் செருகும் காம்பென்சேட்டர் தகட்டின் அச்சுக்கு இணையாக இருக்கையில் மஞ்சள். மேடையை 90 டிகிரி திருப்பினால் அதே ஊசி நீலம். மூட்டில் படியும் இன்னொரு படிகமான கால்சியம் பைரோபாஸ்பேட் என்றால் நிறம் நேர்மாறு, ஒளியும் மங்கல், வடிவம் பெரும்பாலும் சாய்சதுரம்.

பிறவியிலேயே அமைந்த நோயெதிர்ப்பு எப்படி நாள்பட்ட நோயாக மாறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான இடம் இல்லை என்பது என் எண்ணம். இங்கே கிருமி இல்லை. உடம்பே உண்டாக்கிய உப்பு ஒன்று கரையாமல் கிடக்கிறது, அவ்வளவுதான்.

இந்த ஸ்லைடு தவறிப்போகும் வழிகள் பல. உறைவதைத் தடுக்கும் லித்தியம் ஹெப்பாரின் போட்ட குழாயில் வந்த மாதிரியில் ஹெப்பாரினே படிகமாகி ஒளிரும்; சோடியம் ஹெப்பாரின்தான் பாதுகாப்பானது. கையுறைப் பவுடரும் ஒளிரும். முன்பு அதே மூட்டில் போட்ட ஸ்டீராய்டு ஊசியின் துகள்கள் யூரேட்டைப் போலவே ஏமாற்றும். ஆகவே அந்த விவரத்தைக் கேட்காமல் அறிக்கை எழுதக் கூடாது. வெள்ளணு எண்ண அசிட்டிக் அமிலம் கலந்த திரவத்தைச் சேர்த்தால் மூட்டு நீரிலுள்ள ஹையலூரோனிக் அமிலம் திரண்டு கட்டியாகி எண்ணிக்கை குலைந்துவிடும், சலைன் (உப்புக் கரைசல்) போதும். எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 2,000-ஐத் தாண்டினால் அழற்சி, 50,000-ஐத் தாண்டினால் முதல் சந்தேகம் பாக்டீரியா மேல். படிகம் தெரிந்துவிட்டது என்று கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரை விட்டுவிடுவது பெரிய தவறு. இரண்டும் ஒரே மூட்டில் இருக்கலாம்.

படிகத்தை விழுங்கிய மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவுச் செல்லுக்குள் நடப்பது இரண்டு கட்ட வேலை. முதல் சமிக்ஞை வந்தால் அழற்சியைத் தூண்டும் புரதமான இன்டர்லூகின்-1 பீட்டாவின் முன்வடிவம் தயாராகும். இரண்டாவதாகப் படிகம் உள்ளே போனதும் என்எல்ஆர்பி3 இன்ஃப்ளமசோம் என்ற புரதத் தொகுப்பு கூடி, காஸ்பேஸ்-1 என்ற நொதி அந்த முன்வடிவத்தை வெட்டி வெளியே விடும். யூரேட் படிகங்கள் இந்த வழியாகத்தான் வேலை செய்கின்றன என்று 2006-இல் யூர்க் சோப் குழு காட்டியது.

இதைச் செல் கல்ச்சரில் செய்து பார்க்கும்போது கவனம் வேண்டிய இடம் எண்டோடாக்சின், அதாவது பாக்டீரியாச் சுவரின் நச்சுப்பொருள். டிஎச்பி-1 என்ற ஆய்வக மனித வெள்ளணுச் செல்களுக்கு முதல் சமிக்ஞையாக எல்பிஎஸ் (அந்த எண்டோடாக்சின்தான்) கொடுத்து மூன்று நான்கு மணி நேரம் விட்டு, பிறகு படிகம் சேர்த்து, ஆறு மணி நேரம் கழித்தோ மறுநாளோ மேல்திரவத்திலுள்ள இன்டர்லூகின்-1 பீட்டாவை எலைசா என்ற புரத அளவுச் சோதனையில் அளப்பார்கள். எல்பிஎஸ் இல்லாமல் படிகம் மட்டும் போட்ட கிணற்றிலும் (தட்டின் குழியிலும்) அளவு ஏறினால், படிகத்தில் எண்டோடாக்சின் அசுத்தம் என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். ஆட்டோகிளேவின் அழுத்த நீராவி எண்டோடாக்சினை நம்பத்தக்க அளவுக்கு அழிக்காது. கண்ணாடிப் பாத்திரங்களுக்கு 250 டிகிரி செல்சியஸ் உலர் வெப்பம் 30 நிமிடம் வேண்டும். இன்னொன்று: பல எலைசா கிட்கள் வெட்டப்படாத முன்வடிவத்தையும் ஓரளவு பிடித்துவிடும். செல் செத்துக் கசிந்தாலும் எண் ஏறும். புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில், வெட்டப்பட்ட வடிவத்தின் 17 கிலோடால்டன் பட்டையைப் பார்க்காமல் இன்ஃப்ளமசோம் என்று எழுதுவது அவசரம்.

கௌட் வலி சிகிச்சையில்லாமலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். வந்த நியூட்ரோஃபில்கள் செத்து, மேக்ரோஃபேஜ்கள் அவற்றை அள்ளித் தின்னும்போது அழற்சியை அணைக்கும் பொருள்களும் சுரக்கின்றன. ஆனால் படிகம் அங்கேயேதான் இருக்கிறது. வலியே இல்லாத நாளில் அதே மூட்டிலிருந்து நீர் எடுத்தாலும் ஊசிகள் தெரியும், கூடவே கொஞ்சம் வெள்ளணுக்களும். நாள்பட்ட அழற்சி என்ற சொல்லுக்கு நான் கொடுக்கும் பொருள் இதுதான்: அகற்ற முடியாத ஒன்றைச் சுற்றி ஓயாமல் நடக்கும் துப்புரவு. எலும்பு அரிக்கப்படுவதும் படிகக் கட்டிகள் வளர்வதும் இந்த அமைதியான மாதங்களிலும் நடக்கின்றன.

ரத்தக்குழாய்ச் சுவரில் கொலஸ்டிரால் படிகம் செய்வதும் ஏறக்குறைய இதே வேலை. 2017-இல் வெளியான கேன்டோஸ் ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,061 பேர் இருந்தார்கள். இன்டர்லூகின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனாகினுமாப் 150 மி.கி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெற்றவர்களிடம், எல்டிஎல் (கெட்ட கொலஸ்டிரால்) குறையாமலேயே மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்து சுமார் 15 சதவீதம் குறைந்தன. கூடவே, மருந்து பெற்றவர்களிடம் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. அந்த இரண்டாவது செய்தியை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அதே மூலக்கூறுதான் கிருமி வந்தாலும் ஓடிவருகிறது.

கௌட்டில் அதிர்ஷ்டவசமாகத் தூண்டுபொருளையே கரைக்கலாம். யூரேட் கரைதிறனின் எல்லை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மி.கி.; ஆகவே ரத்த அளவை 6-க்குக் கீழே பிடித்து வைக்க வேண்டும். தாக்குதல் நடக்கும் நாளில் யூரிக் அமிலம் இயல்பாகக் காட்டலாம் என்பதால், அடங்கிய இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்ப்பது வழக்கம். யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் தொடங்கியதும் படிகக் குவியல்கள் தளர்ந்து உதிர, வலி திரும்ப வரும். மருந்தே நோயைக் கூட்டுகிறது என்று நோயாளி நிறுத்திவிடுவது இங்கேதான். முதல் மூன்று முதல் ஆறு மாதம் அழற்சியை அடக்கும் கோல்சிசினைக் குறைந்த அளவில் கூடவே கொடுப்பது இதற்காகத்தான். அது ஏன் என்று முதல் நாளே நோயாளியிடம் சொல்லியிருந்தால், மாத்திரைப் பட்டை பாதியில் நிற்காது.