சனிக்கிழமை புகையாத அடுப்பு

1480களில் ஸ்பெயினின் டொலேடோ நகரில் ஞானஸ்நானம் பெற்ற ஒரு யூதக் குடும்பம். அதை வைத்து எழுதிய நாவலின் முதல் வரைவில் பாதிக்குமேல் கிழித்துப்போட வேண்டியிருந்தது. இந்தக் களத்துக்கு வருபவர்களுக்கு உதவும் என்பதால், எங்கெங்கே இடித்தது என்று எழுதிவைக்கிறோம்.

முதல் இடி சட்டத்தில். இன்குவிசிஷன் என்ற கத்தோலிக்க மத விசாரணை மன்றம் யூதர்களைப் பிடித்தது என்று பொதுவாகச் சொல்வோம். உண்மையில் யூதச் சடங்கைச் செய்த குற்றத்துக்கு அது விசாரித்தது ஞானஸ்நானம் பெற்றவர்களைத்தான். மதம் மாறாமல் யூதராகவே இருந்தவருக்கு வந்தது வேறு: 31 மார்ச் 1492 தேதியிட்ட வெளியேற்ற ஆணை. 1391இல் யூதர்களுக்கு எதிராக நடந்த கலவரங்களில் உயிருக்குப் பயந்து மாறியவர்கள் ஏராளம். அதனால் ஒரே குடும்பத்தில் அண்ணன் யூதர், தம்பி கிறிஸ்தவர் என்பது நடக்கக்கூடியதே. அண்ணன் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு வழக்கம். தம்பி வீட்டில் அதே விளக்கு உயிருக்கு உலை. கதைக்கு இதைவிட வேறு முடிச்சு தேவையில்லை.

அந்த விளக்கிலேயே ஒரு தப்பு செய்திருந்தோம். “இருட்டியதும் அம்மா விளக்கேற்றினாள்” என்று எழுதினால் அவள் ஷபாத்தை, அதாவது வெள்ளி மாலை தொடங்கும் யூத ஓய்வுநாளை, மீறிவிட்டாள் என்று அர்த்தம். சூரியன் மறையுமுன் ஏற்ற வேண்டும். பிறகு நெருப்பைத் தொடக்கூடாது. இன்குவிசிஷன் சாட்சியங்களில் வருவதும் இதுதான்: வழக்கத்தைவிட முன்னதாக, புதுத் திரி போட்டு, சுத்தமான விளக்கு. கூடவே மேசைக்குச் சலவை விரிப்பு, உடம்புக்குச் சலவைச் சட்டை.

சமையலறைதான் நாவலின் நடு. சனிக்கிழமை அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் அடஃபினா என்ற குழம்பு வெள்ளி மாலையே ஏறிவிடும். கொண்டைக்கடலை, ஆட்டிறைச்சி, வெங்காயம், சிலர் முட்டையும் போடுவார்கள். கரித்தணல்மேல் பானை, மூடிமேலும் கொஞ்சம் தணல், இரவு முழுக்க மெல்லக் கொதிக்கும். உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய் எல்லாம் அமெரிக்காவிலிருந்து பிறகு வந்தவை. எங்கள் வரைவில் தக்காளி இருந்தது, வெட்கம். யூத உணவு விதிப்படி, இறைச்சியை வாங்கியதும் கொழுப்பைச் சீவுவார்கள், தொடை நரம்பை உருவி எடுப்பார்கள், ஊறவைத்து, உப்பிட்டு, ரத்தம் வடியவிட்டுக் கழுவுவார்கள். பன்றிக்கொழுப்புக்குப் பதில் ஆலிவ் எண்ணெயில் வெங்காயம், பூண்டு வதக்குவார்கள். அந்த மணத்தையே அக்கால வரலாற்றெழுத்தாளர் பெர்னால்டெஸ் ஏளனமாகக் குறித்துவைத்திருக்கிறார். மாவு பிசையும்போது ஒரு சிட்டிகை நெருப்பில் போடுவது இன்னொன்று. இதையெல்லாம் பார்க்கக்கூடியவள் வீட்டு வேலைக்காரி. அவளை ஓரத்தில் நிறுத்திவிடாதீர்கள். சனிக்கிழமை எந்தப் புகைபோக்கியில் புகை இல்லை என்று தெருவே கவனிக்கும்.

இந்த விவரங்களுக்கெல்லாம் ஊற்று எதிரியின், அதாவது இன்குவிசிஷனின், ஏடுகள். அந்த வழக்குப் பதிவுகளைப் படிக்கும்போது, கேள்வி கேட்டவன் முன்பே ஒரு பட்டியலோடு உட்கார்ந்திருந்தான் என்பது நினைவில் இருக்கட்டும். யூத வழக்கங்களின் அந்தப் பட்டியல் தேவாலயத்தில் உரக்க வாசிக்கப்பட்டது. முன்னோர் மறந்ததைப் பேரப்பிள்ளைகள் அதைக் கேட்டே தெரிந்துகொண்டதும் உண்டு. விசாரணையில் குற்றஞ்சாட்டியவர் யார் என்று சொல்லமாட்டார்கள். ஆகவே சாட்சியும் கைதியும் நேருக்கு நேர் மோதும் காட்சியை எடுத்துவிட்டோம். பதிலாகக் கைதிக்கு ஒரு வழி இருந்தது: தன்மேல் பகை உள்ளவர்களின் பெயர்களை எழுதிக் கொடுக்கலாம், சாட்சி அதில் இருந்தால் அந்தச் சாட்சியம் பலமிழக்கும். சிறையில் உட்கார்ந்து தன் விரோதிகளை நினைவுகூரும் ஒருவன்! எங்கள் நாவலின் நல்ல அத்தியாயம் அதுதான்.

தேதி இன்னொரு பள்ளம். 1582 வரை ஸ்பெயினில் ஜூலியன் நாட்காட்டி. யூத நாளுக்கு மாற்றித்தரும் கணிப்பான் கிரகோரியனை எடுத்துக்கொண்டால் 1492இல் ஒன்பது நாள் பிசகும், 1500 மார்ச்சுக்குப் பிறகு பத்து. 1492 ஆகஸ்ட் 2ஐச் சரியாக மாற்றினால் யூத நாட்காட்டியின் ஆவ் மாதம் 9 வரும், எருசலேம் ஆலயம் இடிந்த துக்க நாள். ஆணையில் இருந்த கெடுவோ ஜூலை முடிவு. வெளியேறியவர்களின் நினைவில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. பாத்திரம் பேசும்போது நினைவையும், கதைசொல்லி பேசும்போது ஆணையையும் வைத்தோம்.

நட்சத்திரச் சின்னத்தைக் கழுத்தில் மாட்டாதீர்கள். யூதருக்கான பொது அடையாளமாக அது பரவியது 19ஆம் நூற்றாண்டில். மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியும் இவர்களுடையதல்ல. எல்லா மதமாறிகளையும் ரகசிய யூதர்களாக்குவதும் தப்பு. அவிலாவின் தெரேசாவின் தாத்தா 1485இல் டொலேடோவில் தண்டனை பெற்றவர், பேத்தி கத்தோலிக்கப் புனிதை.

தமிழில் எழுதும்போது மட்டும் வரும் சிக்கல் ஒன்று உண்டு, எங்களை அதிகம் படுத்தியதும் அதுதான். யூதர்களைப் பற்றி நம் மொழியில் இருக்கும் சொற்கள் கிறிஸ்தவ வேதாகமத்தின் வழி வந்தவை: ஓய்வுநாள், பஸ்கா, ஜெபஆலயம், கர்த்தர், பழைய ஏற்பாடு. யூதருக்கு அது “பழைய” ஏற்பாடு அல்ல. “யெகோவா” என்று எந்த யூதப் பாட்டியும் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். அந்தப் பெயரை உச்சரிப்பதில்லை, ஜெபத்தில் “அதோனாய்” என்பார்கள். முதலில் இந்தச் சொற்களை மொத்தமாகத் துரத்தினோம், பக்கம் வறண்டுவிட்டது. பிறகுதான் பிடிபட்டது: இவர்களுக்கே இரண்டு பேச்சு உண்டே! வேலைக்காரி எதிரில், சந்தையில், பாதிரியாரிடம் பேசும்போது முழுக்க வேதாகமத் தமிழ், “கர்த்தருடைய கிருபை” என்றே வரட்டும். கதவு சாத்தியதும் ஷபாத், பெசாக் (பஸ்காவின் யூதப் பெயர்), அதோனாய்.

ஸ்பானியத்தில் இதற்கு ஒற்றை எழுத்து அடையாளமே இருந்தது. கிறிஸ்தவர் கடவுளை “தியோஸ்” என்பார்கள். கடைசி “ஸ்” பன்மைபோல் ஒலிப்பதால் யூதர் “தியோ” என்பார்கள். இரண்டையும் மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்தோம். ஏழு வயதுப் பையன் ரொட்டிக்காரி எதிரில் தும்மிவிட்டு “தியோ” என்கிறான். அவள் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு அவன் முகத்தைப் பார்க்கிறாள்.