மேட்டுப் பக்கம் இன்னும் முளைக்கவில்லை

மார்ச் 1, சனி

புல்தரை போட மண் கிளறி முடிந்தது. ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே செங்கல் துண்டு, சிமென்ட் கட்டி, வளைந்த ஆணி எல்லாம் வந்தன. வீடு கட்டியவர்கள் மிச்சம் மீதியை இங்கேயே புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆணியைவிட சிமென்ட் கட்டிதான் எனக்குக் கவலை. அதிலிருக்கிற சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடும். மண்ணின் புளிப்பு, காரம் சொல்லும் பி.எச். அளவு புல்லுக்கு 6-லிருந்து 7 வரை இருந்தால் நல்லது. சுவர் ஓரத்து மண் 8 காட்டுகிறது. கட்டிகளைப் பொறுக்கி, மட்கிய இலைஉரத்தை அந்தப் பக்கம் கூடுதலாகப் போட்டுக் கலந்தோம்.

மாமா வராந்தாவில் உட்கார்ந்தபடியே மேற்பார்வை. "அந்த மூலையில் இன்னும் ஒரு கல் இருக்கிறதும்மா" என்று கைத்தடியை நீட்டிக் காட்டினார். இருந்தது.

மார்ச் 2, ஞாயிறு

ஏரிக்குப் போனோம். சக்கர நாற்காலி வண்டி நிறுத்தும் இடத்தைத் தாண்டவில்லை. கரை வரைக்கும் சரளைக் கல். இவர் பின்பக்கமாக இழுத்துப் பார்த்தார், சின்னவன் முன்னால் நின்று தூக்கிப் பார்த்தான், முன்சக்கரம் புதைந்து புதைந்து நின்றுவிட்டது. "நீங்கள் போய் வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்" என்கிறார் மாமா. எல்லா இடத்திலும் இதே வாக்கியம்தான். அதைக் கேட்டுவிட்டு எப்படிப் போவது?

வண்டிக்குப் பக்கத்தில் கொஞ்சம் புல்தரை இருந்தது. செருப்பைக் கழற்றச் சொன்னார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடக்கவில்லை, நின்றார், அவ்வளவுதான். "பாதம் பதிகிறது" என்றார். தண்ணீரைப் பார்க்கவே இல்லை, கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் வீட்டுப் புல் சீக்கிரம் வர வேண்டும்.

மார்ச் 4, செவ்வாய்

மட்டம் பார்த்தோம். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கம் ஒரு மீட்டருக்கு ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் இறங்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் அஸ்திவாரத்துக்குப் போகாது. நீளமான பலகை, ரசமட்டம், கயிறு. கீழ்ப்பக்கம் சரியாக வந்துவிட்டது. மேட்டுப் பக்கம் நான் நினைத்ததைவிடச் சரிவு. அங்கிருந்து மண் எடுத்துப் பள்ளத்தில் போட்டும் முழுவதும் அடங்கவில்லை.

மேட்டுப் பக்கத்தை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

மார்ச் 7, வெள்ளி

காலையில் மண்ணுக்குள் வெப்பமானியைச் செருகிப் பார்த்தேன். 22 டிகிரி. நாங்கள் விதைக்கப்போகும் அருகம்புல் வெப்பப் பயிர், 20 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் நன்றாக முளைக்கும். நாளைக்கு விதைத்துவிடலாம்.

மார்ச் 8, சனி

விதைத்தாயிற்று!

உமி நீக்கிய விதை. உமியோடு இருப்பதைவிட இது சீக்கிரம் முளைக்கும். கையில் அள்ளினால் விதை என்றே சொல்ல முடியாது, அவ்வளவு பொடி. ஒரு கிலோவில் 30 லட்சத்துக்கும் மேலே இருக்குமாம். அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும் என்பதால் காய்ந்த மணலில் கலந்து, பாதியை நீளவாக்கில் நானும், மீதியைக் குறுக்குவாக்கில் பெரியவளும் தூவினோம். அவள் கை என் கையைவிட ஒரே சீராகப் போகிறது. அப்புறம் வாரியை முதுகுப் பக்கமாகத் திருப்பி மெல்ல ஒரு இழுப்பு. விதைமேல் மண் அரை சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஆழமாகப் போனால் உள்ளேயே செத்துவிடும். கடைசியில் உருளையை ஓட்டினோம், விதை மண்ணை ஒட்டிக்கொள்ள வேண்டுமல்லவா.

சுற்றிலும் கயிறு கட்டி, சின்னவன் துணிக் கீற்றுகளைத் தொங்கவிட்டிருக்கிறான். பார்க்கவே நன்றாக இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

புறாக்கள். விடிவதற்கு முன்பே.

மார்ச் 11, செவ்வாய்

நாளெல்லாம் தண்ணீர் ஞாபகம்தான். முளைவிடும் வரை மேல்மண் காயவே கூடாது, குளமாகவும் ஆகக்கூடாது. காலையில் கொஞ்சம், வெயில் ஏறுவதற்குள் கொஞ்சம், மத்தியானம், அப்புறம் நாலு மணிக்கு. பூவாளியில் பொடித் துளை வைத்தால்தான் சரியாக இருக்கிறது. குழாயை நேராகப் பிடித்தால் விதை ஓடுகிறது. விதை ஒருமுறை தண்ணீரை உறிஞ்சி ஊறியபின் காய்ந்துவிட்டால் அவ்வளவுதான், மறுபடி எழாது. அது தெரிந்ததிலிருந்து என்னால் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உள்ளே உட்கார முடியவில்லை.

இன்று பார்சல் கொண்டுவந்தவர் கயிற்றைத் தாண்டிக் குறுக்கே நடந்து வந்தார். ஈர மண்ணில் பூட்ஸ் தடம், ஒவ்வொன்றும் விரல் ஆழம். நான் கத்துவதற்குள் வராந்தாவில் மாமா கத்திவிட்டார். இவ்வளவு சத்தமாக அவர் பேசிக் கேட்டு வெகுநாளாகிறது. அந்த மனிதர் பாவம், மன்னிப்புக் கேட்டுவிட்டு அதே வழியில் திரும்பி நடந்தார்.

தடத்தைக் கிளறவில்லை. கிளறினால் சுற்றியுள்ள விதையும் புரளும். கொஞ்சம் மணல் கலந்த மண்ணைத் தூவி மூடி, மேலே ஒரு சிட்டிகை விதை.

மார்ச் 15, சனி

மலைக்குப் போவதென்று முன்பே பேசி வைத்தது. குழந்தைகளுக்குச் சொன்ன வாக்கு. மாமாவும் வந்தார், மேலே வரை வண்டி போகும், வண்டிக்குள்ளிருந்தே பள்ளத்தாக்கைப் பார்க்கலாம் என்று இவர் விசாரித்து வைத்திருந்தார். தண்ணீருக்கு டைமர் வைத்து, தெளிப்பானைப் பொருத்தி, வெள்ளிக்கிழமை முழுக்கச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

மேலே நல்ல காற்று. மேகம் காலடியில் போயிற்று. சின்னவன் தாத்தாவுக்கு ஒவ்வொரு சிகரத்தையும் காட்டிக்கொண்டே இருந்தான், பெயர் தெரியாததற்கெல்லாம் அவனே பெயர் வைத்தான். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் பத்தரை ஆனதும் டைமர் திறந்திருக்குமா என்று நினைத்தேன், ஒன்றரைக்கு மூடியிருக்குமா என்று நினைத்தேன். பெரியவள் என் கையைப் பிடித்து, "அம்மா, அது வளரும்மா, இங்கே பார்" என்றாள்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. வாசல் விளக்கைப் போட்டதும் தெரிந்தது. குழாய் இணைப்பு கழன்று, முழு வேகத்தில் மேட்டுப் பக்கம் அடித்திருக்கிறது. எவ்வளவு நேரமோ. சரிவு முழுக்க ஓடைபோல் அரித்து, மண்ணும் மணலும் விதையுமாகக் கீழே மதில் சுவரோரம் படிந்து கிடக்கிறது. மேலே கல் தெரிகிறது, நாங்கள் பொறுக்காமல் போன கல்.

எதுவும் பேசாமல் உள்ளே வந்துவிட்டேன். இவர் டார்ச்சோடு வெளியே நின்று இணைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார்.

மார்ச் 16, ஞாயிறு

மேட்டுப் பக்கம் மறுபடி மண் நிரவி விதைத்தோம். இந்த முறை மேலே சணல் சாக்கைப் பிரித்து விரித்து முளையடித்திருக்கிறோம். நூல் இடைவெளி வழியாக முளை வந்துவிடும், சாக்கு பிறகு தானாக மட்கிவிடும். தண்ணீர் சாக்கின் மேல் விழுந்து மெதுவாக இறங்குகிறது. இனிமேல் ஓடாது.

சுவரோரம் படிந்த விதை என்ன ஆகும்? அவ்வளவு நெருக்கமாக முளைத்தால் ஒன்றையொன்று நெரித்துவிடும். கொஞ்சம் வழித்து எடுத்தேன்.

மார்ச் 17, திங்கள்

நாளைக்கு மாமாவுக்கு எக்ஸ்ரே, எலும்பு கூடுகிறதா என்று பார்க்க.

மார்ச் 18, செவ்வாய்

காத்திருக்கும் அறையில் மூன்று மணி நேரம். பள்ளி விடுமுறை என்பதால் பெரியவளும் வந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு போனில் எதையோ தேடித் தாத்தாவுக்கு வாசித்துக் காட்ட ஆரம்பித்தாள். புல்வெட்டும் எந்திரத்தைக் கண்டுபிடித்தவர் எட்வின் பட்டிங் என்ற ஆங்கிலேயர், காப்புரிமை 1830-ல். ஸ்ட்ரவுட் பக்கம் கம்பளித் துணி ஆலைகளில் துணியின் மேல்பிசிறைச் சீராக வெட்ட உருளைக் கத்தி வைத்திருந்தார்களாம், அதைப் பார்த்துத்தான் புல்லுக்கும் அப்படி வெட்டலாமே என்று தோன்றியிருக்கிறது. அதற்கு முன்பு அரிவாள்தான், இல்லையென்றால் ஆடு. மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "துணியைப் பார்த்துப் புல்லை நினைத்தானா, நல்ல மூளை" என்றார்.

எலும்பு கூடுகிறது. பாதி எடை வைக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாதி எடை!

மார்ச் 19, புதன்

முளைத்துவிட்டது.

நேராக நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெயில் சாய்வாக விழுந்தபோது வராந்தாப் படியில் குனிந்து பார்த்தேன், மண்ணுக்கு மேலே ஒரு பச்சைப் புகை. ஒவ்வொன்றும் மயிரிழை. எல்லாரையும் எழுப்பினேன். மாமாவை வாக்கரோடு படி வரை கூட்டி வந்து காட்டினோம். அவருக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை, "தெரிகிறது, தெரிகிறது" என்றார்.

மேட்டுப் பக்கம் இன்னும் இல்லை. பையில் 7 முதல் 21 நாள் என்று போட்டிருக்கிறது. அங்கே கணக்கு ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதானே.

மார்ச் 21, வெள்ளி

மயிரிழைகளுக்கு நடுவில் தடித்த, பளபளப்பான இலைகள். புல்லைவிட இரண்டு மடங்கு வேகம். அடித்தண்டை விரலில் உருட்டினேன், முக்கோணம். கோரை.

இழுத்தால் மேலே மட்டும் அறுந்து வரும், கிழங்கு கீழேயே இருக்கும். ஒரு கிழங்கிலிருந்து ஓடும் வேரில் அடுத்த கிழங்கு, அதிலிருந்து அடுத்தது, சங்கிலி சங்கிலியாக. தோண்டி எடுக்கலாம் என்றால் சுற்றி இருக்கும் இளம்புல் எல்லாம் கூடவே வரும். களைக்கொல்லியை இந்த வயதுப் புல் தாங்காது. ஆகவே இப்போதைக்கு ஒன்றும் செய்ய முடியாது, பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். இதுதான் என்னால் முடியாதது.

மார்ச் 23, ஞாயிறு

கடற்கரை. மாமா வரவில்லை. மணலில் நாற்காலி போகாது என்று அவரே முடிவுகட்டிவிட்டார், இவர் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. கிளம்பும்போது இரண்டு பேருக்கும் வார்த்தை தடித்துவிட்டது. வண்டியில் யாரும் பேசவில்லை. தண்ணீரைக் கண்டதும் குழந்தைகள் சரியாகிவிட்டார்கள். இவர் ஆகவில்லை.

திரும்பி வந்தால் பக்கத்து வீட்டு நாய் கயிற்றுக்குள் புகுந்து இரண்டு இடத்தில் தோண்டியிருக்கிறது. மாமா வராந்தாவிலிருந்து விரட்டியிருக்கிறார். எழுந்து நின்று விரட்டியிருக்கிறார், வாக்கர் இரண்டு அடி தள்ளி நிற்கிறது. அதைப் பார்த்ததும் நாய் தோண்டியது எனக்குப் பெரிதாகவே படவில்லை. விழுந்திருந்தால்?

இவர் அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். வெகுநேரம்.

மார்ச் 26, புதன்

கீழ்ப்பக்கம் உள்ளங்கை அளவில் ஒரு வட்டம், முளைகள் எல்லாம் மண்ணோடு ஒட்டும் இடத்தில் நைந்து படுத்துவிட்டன. விடிகாலையில் அதன்மேல் சிலந்தி நூல் மாதிரி வெள்ளை இழை, வெயில் வந்ததும் காணவில்லை. பூஞ்சை வகை. நாற்றழுகல் என்பார்கள். ஈரம் ராத்திரி முழுக்கத் தங்கினால் பரவிவிடும். விதை நெரிசலாக விழுந்த இடத்தில்தான் வந்திருக்கிறது, அன்று தண்ணீர் அடித்துக்கொண்டு வந்த விதை.

இனி சாயங்காலத் தண்ணீர் கிடையாது. காலையில் ஒரே தடவை, நிறைவாக. முளைத்த பிறகு அப்படித்தான் மாற்ற வேண்டும் என்று படித்தேன். மேல்மண் காய்ந்தால்தான் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும். ஆனால் மேட்டுப் பக்கம் இன்னும் முளைக்கவில்லையே, அதற்கு மட்டும் பூவாளியோடு தனியாக.

மார்ச் 27, வியாழன்

வட்டம் பெரிதாகவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

சாக்கின் இடையில் பச்சை! ஒன்று, அங்கே ஒன்று, அப்புறம் ஒரு கொத்து. மேட்டுப் பக்கம் முளைத்துவிட்டது. முழுவதும் இல்லை, உச்சியில் ஒரு முழம் அகலத்துக்கு வெற்று மண். ஆனாலும் முளைத்துவிட்டது.

ஏப்ரல் 5, சனி

எங்கும் போகவில்லை. விலங்குக் காட்சிசாலை என்று பேச்சு இருந்தது, மழை. வராந்தாவில் எல்லாரும் உட்கார்ந்து மழையைப் பார்த்தோம். சின்னவன் தாத்தாவிடம் சீட்டாட்டம் கற்றுக்கொண்டான். மண் கரையவில்லை. சரிவில் வழிந்த தண்ணீர் தெளிவாக இருந்தது, கலங்கலே இல்லை. வேர் மண்ணைப் பிடித்துவிட்டது.

ஏப்ரல் 12, சனி

முதல் வெட்டு. கத்தியைத் தீட்டி வைத்திருந்தோம். மொண்ணைக் கத்தி இளம்புல்லை அறுக்காது, வேரோடு பிடுங்கும். மண் காய்ந்திருந்த நேரமாகப் பார்த்து, உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் வெட்டினோம். கீழ்ப்பக்கம் மட்டும்தான். மேட்டுப் பக்கத்துக்கு இன்னும் வயது வரவில்லை.

வெட்டியபின் குனிந்து பார்த்தால், பூட்ஸ் தடம் இருந்த இடத்தின் குறுக்கே ஒரு கொடி ஓடியிருக்கிறது. கணுவுக்குக் கணு வேர் இறங்கியிருக்கிறது. 'அருகுபோல் வேரோடி' என்று பெரியவர்கள் வாழ்த்தக் கேட்டிருக்கிறேன், வேரோடுவதைக் கண்ணால் பார்த்தது இன்றுதான்.

மாமா செருப்பைக் கழற்றினார். இவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இளம்புல், மிதிக்க வேண்டாம் என்று அவரே தயங்கினார். ஓரத்தில் நாலு அடி போனால் ஒன்றும் ஆகாது என்றேன். போனார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

கோரை வெட்டிய இடத்தில் ஒரே ராத்திரியில் விரல் அகலம் எழுந்திருக்கிறது, புல்லுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு. இனி புல்லுக்கு வேர் இருக்கிறது, ஒவ்வொன்றாகக் கிழங்கோடு தோண்டலாம். குறுகலான கரண்டி வேண்டும். பெரியவள் சுவரோரத்திலிருந்து ஆரம்பிக்கிறாள், நான் இந்தப் பக்கம்.

அடுத்த வாரம் ஏரிக்கு மறுபடி போகலாமா என்று மாமாவே கேட்டார். சரளையைச் சுற்றிப் போக வேறு வழி இருக்கிறதா என்று இவர் விசாரிக்கிறார். அதற்குள் மேட்டு உச்சிக்கு விதை, மணல், ஒரு துண்டுச் சாக்கு, குழாய்க்குப் புது இணைப்பு