போர்வைக்குள் போன ஒரு நிமிடம்

"தலைக்கு ஷாம்பு போட்டுக் குளிச்சிட்டு வாங்க, எண்ணெய் மட்டும் வைக்காதீங்க." அட்மிஷனுக்கு வரும் எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான். எண்ணெய் இருந்தால், மூளையின் அலையைப் பிடிக்கத் தலையில் வைக்கும் எலெக்ட்ரோடு ஒட்டாது. மதுரையில் ஒரு மருத்துவமனையில், மூளையின் மின்னலைகளை வீடியோவோடு சேர்த்துப் பதிவு செய்யும் வீடியோ இ.இ.ஜி. டெக்னீஷியனாகப் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன்.

ஃபிட்ஸ் வரட்டும் என்று காத்திருப்பதுதான் எங்கள் வேலை. மற்ற வார்டுகளில் வலிப்பு வராமலிருக்க மருந்து கொடுப்பார்கள். இங்கே டாக்டர் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். மாத்திரைக்கு அடங்காத வலிப்பு மூளையில் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது, ஆபரேஷனுக்கு வழியிருக்கிறதா, அல்லது இது வலிப்பே இல்லாமல் மன அழுத்தத்தால் வரும் வேறொன்றா என்று தெரிய, அது வரும்போது பார்த்தாக வேண்டும். அதற்காகக் கையில் ஊசி போட வழி வைத்து, கட்டிலின் இரண்டு பக்கத் தடுப்புகளுக்கும் மெத்தை கட்டி, தலையில் 21 எலெக்ட்ரோடுகளை ஒட்டித் துணியால் சுற்றிவிடுவோம். சுவரில் கேமரா. மூளையின் அலையும் உடம்பின் அசைவும் ஒரே திரையில் ஒரே நேரக்கணக்கில் ஓடும்.

மனித மூளையின் மின்னலைகளை ஹான்ஸ் பெர்கர் ஜெர்மனியில் முதன்முதலாகப் பதிவு செய்தது 1924-ல். நூறு வருடம் ஆன பிறகும் அந்தக் கோடுகள் மட்டும் போதவில்லை. வலிப்பு முடிந்ததும் பேஷண்ட் எந்தக் கையால் மூக்கைத் துடைக்கிறார் என்பதை எங்கள் டாக்டர் நாலைந்து தடவை ஓட்டிப் பார்ப்பார். காதுக்கு மேலே, பொட்டுப் பக்கத்து மூளையில் கிளம்பும் வலிப்பு என்றால், எந்தப் பக்கம் கிளம்பியதோ அந்தப் பக்கத்துக் கைதான் பெரும்பாலும் மூக்குக்குப் போகும். ஒரு கை விறைத்து முறுக்கிக்கொண்டால் அநேகமாக எதிர்ப்பக்க மூளை. ஆரம்பம் முதல் முடிவு வரை கண்ணை இறுக மூடியிருந்தால் அது வலிப்பாக இல்லாமலிருக்க வாய்ப்பு அதிகம். இவ்வளவும் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் நடந்து முடிந்துவிடும்.

அப்படிப்பட்ட ஒரு நிமிடத்தை நான் தவறவிட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், நைட் டியூட்டி. திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தவர், மில்லில் தினக்கூலி. மூன்று நாளாக ஒன்றும் வரவில்லை. ஏசி குளிர் தாங்காமல் போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். திரையில் பார்த்தேன். நல்லா தூங்குகிறார், எதற்கு எழுப்புவது என்று விட்டுவிட்டேன். மூன்றரை மணிக்கு அலைகள் மாறின. ஓடிப்போய்ப் போர்வையை இழுத்தபோது எல்லாம் முடிந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வீடியோவில் போர்வை அசைவது மட்டும் இருந்தது. முகமும் இல்லை, கையும் இல்லை.

டாக்டர் திட்டவில்லை. "இன்னும் ரெண்டு நாள் வெச்சுப் பார்ப்போம்" என்றார். மருந்து குறைத்த நிலையில் இன்னும் இரண்டு நாள். அவருக்கு இரண்டு நாள் கூலி போச்சு, கூட இருந்த மனைவிக்கும் போச்சு. அந்த அம்மா மறுநாள் காலையில் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார். அந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை. அன்றிலிருந்து ராத்திரி எத்தனை மணியானாலும் போய்ப் போர்வையை மார்புக்குக் கீழே இறக்கிவிட்டு வருவேன். குளிருதுன்னா ஏசியைக் குறைப்பேன். கேமரா தானாக எதையும் பார்க்காது. அறைக்குள் போய் அதற்கு வழி செய்ய ஓர் ஆள் வேண்டும்.

போன வருடம் ஒரு பெண் வந்தாள். பத்தொன்பது வயது. கல்லூரியில் இரண்டு தடவை வந்ததும் படிப்பை நிறுத்திவிட்டார்கள். கேமரா எங்கே இருக்கிறது, பதிவை யார் பார்ப்பார்கள், பாத்ரூமில் கேமரா கிடையாது, துணியை அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்றெல்லாம் சொல்லி முடித்ததும் அம்மாக்காரி மெதுவாகக் கேட்டார்: "இது வெளிய யார் கண்ணுலயும் படாதுல்ல? நாளைக்கு இவளுக்குக் கல்யாணம் காட்சின்னு இருக்கும்மா." வலிப்பைக் காரணம் காட்டித் திருமணம் செல்லாது என்று சொல்ல இடம் கொடுத்த வரியை இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999-லேயே எடுத்துவிட்டார்கள். ஊர் வாயிலிருந்து அது இன்னும் போகவில்லை. அந்த பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். டாக்டர்களும் நாங்களும் தவிர யாரும் பார்க்கமாட்டார்கள் என்று சொன்னேன். அந்த வார்த்தையைக் காப்பாற்றுவதும் என் வேலைதான்.

இரண்டாம் நாள் மத்தியானம் வந்தது. நான் உள்ளே போவதற்குள் அம்மா பாய்ந்துபோய்க் கையில் சாவிக்கொத்தைத் திணித்துவிட்டார். கேமராவில் அவர் முதுகுதான் தெரிந்தது. எங்கள் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகச் செய்வது. இரும்பால் ஆவது ஒன்றுமில்லை, கையில் குத்தாமல் இருந்தால் சரி. அம்மாவை உட்கார வைத்துச் சொன்னேன்: "வந்துச்சுன்னா பட்டனை அமுக்கிட்டு கட்டிலுக்கு இந்தப் பக்கம் வந்துடுங்கம்மா. அவ கையையும் முகத்தையும் டாக்டர் பார்க்கணும். மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

அடுத்தது அன்று ராத்திரியே வந்தது. பட்டன் சத்தம் கேட்டு உள்ளே போனேன். அம்மா சுவரோரம் நின்றிருந்தார், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு. "உன் பேரென்னம்மா? கையைத் தூக்கு. மாம்பழம்னு ஞாபகம் வெச்சுக்கோ." பதில் இல்லை. வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு வலது கையால் போர்வை நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெல்லத் திரும்பினாள். கேட்டேன், என்ன வார்த்தை சொன்னேன்? "எப்போ சொன்னீங்க?" என்றாள்.

டிஸ்சார்ஜ் அன்று அவளாகவே டாக்டரிடம் கேட்டாள், "நான் அதைப் பார்க்கலாமா சார்?" டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா வேண்டாம் என்று தலையசைத்தார். அவள் கேட்டது அவளைப் பற்றியது என்பதால் டாக்டர் சரி என்றார். நான்தான் போட்டேன். அவள் ஸ்டூலை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்லூரியில் என்னவெல்லாம் சொன்னார்களோ, அதையெல்லாம் எதிர்பார்த்துத் தோளை ஒடுக்கிக்கொண்டு இருந்தாள். திரையில் ஒரு பெண் நூலைப் பிய்த்தாள், வாயை அசைத்தாள், கொஞ்ச நேரம் எங்கோ பார்த்தாள். ஒரு நிமிடம் இருபது விநாடி.

"இவ்ளோதானாக்கா?" என்றாள்.

"இவ்ளோதான்."

இன்னொரு தடவை போடச் சொன்னாள். இந்த முறை அம்மாவும் பின்னால் வந்து நின்று பார்த்தார்.