துவாஸ் இரவு வேலை: என் நாட்குறிப்பு

மார்ச் 3

சிங்கப்பூரின் துவாஸில், வெல்டு இணைப்புகளுக்குள் குறை இருக்கிறதா என்று கதிர்வீச்சால் படம் எடுப்பது எங்கள் வேலை. அதற்குப் புது இரிடியம்-192 சோர்ஸ், கதிர்வீச்சை வெளியிடும் சிறு உலோகத் துண்டு, வந்திருக்கிறது. கதிரியக்க அளவு 60 கியூரி. 74 நாளில் இதன் வீரியம் பாதியாகிவிடும். பழையது தேயத் தேய ஒரு படம் எடுக்கும் நேரம் நீண்டுகொண்டே போனது. இனி அது சுருங்கும். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் நெஞ்சு இடிக்கிறது. பலவீனமான சோர்ஸோடு பழகிய கைகள் இன்னும் அதே மெத்தனத்தில் இருக்கும்.

மார்ச் 9

கப்பல் பட்டறையில் வெல்டர்கள் கிளம்பிய பிறகு, இரவு 11 மணிக்குத் தொடங்கினோம். ஏழாவது இணைப்பு முடிந்தது. மன்னார்குடித் தம்பி, சோர்ஸைக் கேபிளால் அதன் கவசப் பெட்டியான கேமராவுக்குள் இழுக்கும் கிராங்கை முழுவதும் சுற்றிவிட்டு, "உள்ளே வந்துவிட்டது அண்ணே" என்றபடி ஃபிலிம் மாற்ற ஓடினான். கதிர்வீச்சைக் காட்டும் சர்வே மீட்டர் என் கையில். முள் இறங்கவே இல்லை.

கத்தினேன். ஐந்து மீட்டர் தூரத்தில் நின்றுவிட்டான். பத்து விநாடியில் திரும்பி ஓடி வந்தான். கேபிள் மட்டும் கேமராவுக்குத் திரும்பியிருக்கிறது. சோர்ஸ் அதிலிருந்து கழன்று, தான் போய்வரும் குழாயான கைடு டியூபிலேயே கிடந்தது.

யாரும் நெருங்காதபடி கட்டியிருந்த கயிற்றை இன்னும் தள்ளிக் கட்டிவிட்டுப் பாதுகாப்பு அதிகாரியை அழைத்தோம். ஈயத் தகடுகளும் நீண்ட இடுக்கியும் கொண்டு அவர் அதை எடுத்து முடிக்க விடிந்துவிட்டது.

மார்ச் 10

தூக்கம் பிடிக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தச் சோர்ஸிடம் ஒரு மீட்டரில் நின்றால், கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஓராண்டு வரம்பாகச் சொல்லப்படும் 20 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அளவு) ஏறக்குறைய நான்கே நிமிடத்தில் வந்துவிடும். தம்பி நின்ற ஐந்து மீட்டரில் பத்து விநாடிக்கு அது மிகச் சிறிய அளவு, சுமார் 0.03 மில்லிசீவர்ட்தான். ஆனால் கைடு டியூபைக் கையால் பிடித்திருந்தால்? ஒரு சென்டிமீட்டரில் அரை நிமிடம் போதும், விரல்கள் இருபது சீவர்ட்டுக்கு மேல் வாங்கியிருக்கும். உடனே வலிக்காது. சில வாரம் கழித்துத்தான் கொப்பளிக்கும்.

1999இல் பெருவின் யனாங்கோவில் ஒரு வெல்டர் கீழே கிடந்த இரிடியம் சோர்ஸை எடுத்துக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என்னவென்று அவருக்குத் தெரியாது. காலையே இழந்தார். பயிற்சியில் கேட்ட அந்தக் கதை இரவெல்லாம் கண்முன் நின்றது.

மார்ச் 11

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கச் சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜ், தம்பியுடையது எங்கே என்று கேட்டேன். தலையைக் குனிந்தான். விடுதியில், சட்டையில் குத்தியபடியே இருக்கிறதாம். எத்தனை நாளாக? மூன்று வாரமாக.

"அளவு கூடினால் வேலையிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்றார்கள் அண்ணே. ஊரில் கடன் இருக்கிறது."

யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. நானும் அதே பயத்தோடு இந்த ஊருக்கு வந்தவன்தான். ஆனால் பேட்ஜ் அவன் உடம்பில் இல்லாத மூன்று வாரத்துக்கு, அவன் உடம்பு வாங்கியதற்குக் கணக்கே கிடையாது. மாத அறிக்கையில் சுத்தமாக இருப்பான்.

'பேட்ஜ் அணியவில்லை' என்று எழுதினேன். சொல்லிக்கொடுத்த ஆளைக் கேட்காமல் தம்பியை மட்டும் தண்டிக்கக் கூடாது என்றும் கீழே எழுதினேன். மேலாளர் இரண்டு முறை படித்தார். கையெழுத்துப் போடாமல் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார். நாளை காலை பத்து மணிக்கு என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள்.