தார்ப்பாய்க் கணக்கு: வேதாரண்யம் நாட்குறிப்பு

18 நவம்பர் 2018, ஞாயிறு

கஜா புயல் அடித்த வேதாரண்யம் பக்கத்துக்குத் தார்ப்பாய்களோடு கிளம்பி, இரவு பத்து மணிக்குத்தான் தங்கப்போகும் பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தோம். திருத்துறைப்பூண்டியைத் தாண்டிய பிறகு வண்டி ஓடிய நேரத்தைவிட நின்ற நேரமே அதிகம். சாலையின் குறுக்கே விழுந்து கிடந்த மரங்களை ஊர்க்காரர்களே அறுத்து, ஒரு வண்டி நுழையும் அகலத்துக்கு மட்டும் வழி விட்டிருந்தார்கள். கண்ணுக்கெட்டியவரை ஒரு மின்கம்பம்கூட நிமிர்ந்து நிற்கவில்லை. கம்பிகள் வயலுக்குள் கொடிபோல் கிடந்தன. கரியாப்பட்டினத்துக்கு அருகே மூன்று இடங்களில் பெண்களும் பிள்ளைகளும் வண்டியை மறித்து, தங்கள் பக்கம் இதுவரை யாருமே வரவில்லை என்றார்கள். மூன்று இடங்களிலும் தண்ணீரும் பிஸ்கட்டும் மட்டும் கொடுத்தோம். தார்ப்பாய்களை ஓர் ஊருக்கென்று சொல்லி நன்கொடை வாங்கியிருக்கிறோம், இங்கே இறக்கிவிட்டால் அந்த ஊருக்கு என்ன பதில் சொல்வது என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஓர் அம்மாவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

19 நவம்பர், திங்கள்

இந்தப் பக்கத்தில் வீடுகள் தெருவாக இல்லை என்பதை இன்றுதான் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டேன். ஒவ்வொரு வீடும் அதனதன் கொல்லைக்குள், தென்னைக்கும் மாமரத்துக்கும் முந்திரிக்கும் நடுவே, தனித்தனியாக இருக்கிறது. கொல்லைக்குள் போகும் ஒற்றையடிப் பாதைகள் மேல்தான் மரங்கள் விழுந்திருக்கின்றன. ஆகவே சாலைக்கு வர முடிந்தவர்களுக்குப் பொருள் கிடைக்கிறது. வர முடியாதவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. நானும் இன்னொரு நண்பரும் மரங்களுக்கு மேலே ஏறியும் அடியில் தவழ்ந்தும் காலை ஆறு மணி முதல் மாலைவரை நடந்து 112 வீடுகளை எழுதினோம். அவற்றில் 83 வீடுகளுக்குக் கூரை இல்லை. எங்களிடம் இருப்பவை 60 தார்ப்பாய்கள்.

இருபத்து மூன்று.

20 நவம்பர், செவ்வாய்

யாருக்கு முதலில் என்பதை ஊர்ப் பெண்களையே உட்காரவைத்துக் கேட்டோம். கைக்குழந்தை உள்ள வீடு, கர்ப்பிணி உள்ள வீடு, படுக்கையில் கிடப்பவர் உள்ள வீடு என்று அவர்களே வரிசை சொன்னார்கள். அந்த வரிசையில் தன் வீடு வராது என்று தெரிந்தும் ஓர் அக்கா பக்கத்துக் கொல்லைக்காரியின் பெயரைச் சொன்னார். அவருடைய பெயரையும் நான் தனியாக எழுதி வைத்திருக்கிறேன்.

மாலையில் ஒரு பெரியவர் தார்ப்பாய் கட்டச் சொல்லிக்கொடுத்தார். 1977 புயலைப் பார்த்தவர். இந்தப் புயலில் முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று மரங்களின் வேரை ஆட்டிவிட்டு, சற்று நேரம் அடங்கி, பிறகு தெற்கிலிருந்து திரும்பி வந்து மொத்தமாகச் சாய்த்தது என்று கையை அசைத்துக் காட்டினார். 16ஆம் தேதி நள்ளிரவு தாண்டி ஒன்று, ஒன்றரை மணி இருக்கும் என்றார். தார்ப்பாயின் ஓரத்தில் உள்ள வளையத்தில் கயிற்றைக் கோத்தால் முதல் காற்றுக்கே வளையம் பிய்ந்துகொண்டு போகும். மூலையில் ஒரு கல்லை உள்ளே வைத்து, தார்ப்பாயோடு சேர்த்துக் கழுத்தைச் சுற்றிக் கட்ட வேண்டும். அப்போதுதான் கயிறு நழுவாது. “வளையத்த நம்பாத தம்பி” என்றார்.

கல்லுக்கு எங்கே போவது? இது மணல் பூமி. கீழே எங்கு பார்த்தாலும் குரும்பைகள், தென்னம் பிஞ்சுகள், கொட்டிக் கிடந்தன. அளவு கைக்கு அடக்கமாக, உருண்டையாக, கெட்டியாக இருந்தது. நான்தான் குரும்பையை வைத்துக் கட்டலாம் என்று சொன்னேன். எல்லோரும் சரியென்றார்கள்.

21 நவம்பர், புதன்

இன்று 41 வீடுகள். உள்ளங்கை இரண்டும் நைலான் கயிற்றால் அறுபட்டுவிட்டன. 26ஆம் தேதியைப் பற்றி யோசிக்கவில்லை.

22 நவம்பர், வியாழன்

இரவெல்லாம் மழை. வகுப்பறைத் தரையில் படுத்துக்கொண்டு, கட்டிய வீடுகளை ஒவ்வொன்றாக மனத்துக்குள் எண்ணினேன். எந்த வீட்டில் சரிவு போதாமல் நடுவில் தண்ணீர் தேங்கும், எந்த வீட்டில் முகட்டு மூங்கில் பழையது என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். பிறகு கட்டாத இருபத்து மூன்று வீடுகளை எண்ணினேன். அவர்களில் சிலர் இதே பள்ளிக்கூடத்தில் அடுத்த அறையில் படுத்திருந்தார்கள். சிலர் ஆட்டையும் மாட்டையும் விட்டுவிட்டு வர மாட்டோம் என்று கொல்லையிலேயே இருந்துவிட்டார்கள். கிழக்குக் கொல்லைப் பாட்டியும் அப்படித்தான். அவருக்கு ஒரே ஒரு பசுதான் இருக்கிறது, அதுவும் காலில் அடிபட்டிருக்கிறது. வரிசையில் அவர் பெயர் 64ஆவது. நான்கு பேருக்கு முன்னால் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் என்ற நினைப்பு என்னை விடவில்லை. விடியும்போது நெஞ்சளவு சாய்ந்து கிடக்கும் மரங்களைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். விழுந்த கீற்றையே அடுக்கி, சுவரோரமாக ஆள் உட்காரும் அளவு ஒரு சாய்ப்பு இறக்கி, அதற்குள் பசுவை நிறுத்திவிட்டு அவர் வெளியே சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “சாப்டியா தம்பி?” என்று கேட்டார்.

23 நவம்பர், வெள்ளி

கார்த்திகை தீபம். மேல்நிலைத் தொட்டிக்கு ஜெனரேட்டர் வைத்துத் தண்ணீர் ஏற்றுவதற்கே டீசல் போதவில்லை, ஊர் முழுக்க இருட்டு. எட்டு நாள்களாக மின்சாரம் இல்லாத ஊரில் வாசலுக்கு வாசல் அகல் எரிந்ததைப் பார்த்தபோது அழுகை வந்தது. வீட்டுக்கு இரண்டு மெழுகுவத்தி என்று நாங்கள் கணக்குப் பார்த்துக் கொடுத்திருந்தோம். இருந்த எண்ணெயைக் கணக்குப் பார்க்காமல் அவர்கள் விளக்கில் ஊற்றியிருந்தார்கள்.

24 நவம்பர், சனி

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

25 நவம்பர், ஞாயிறு

திருச்சியிலிருந்து இரண்டாவது வண்டி வந்தது. இருபது தார்ப்பாய்கள். இன்னும் மூன்று வீடுகளுக்கு இல்லை. முதல் வேலையாகக் கிழக்குக் கொல்லைக்குப் போய்க் கட்டினோம். குரும்பையை நான் நீட்டியபோது பாட்டி வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, உடைந்த ஓட்டுத் துண்டுகளைத் துணியில் சுற்றி எடுத்து வந்து கொடுத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

பிற்பகல் முழுவதும் மரம் அறுக்கும் மெஷினோடு ஒரு கொல்லையில். 140 தென்னைகளில் நிற்பவை ஒன்பது. அரசு ஒரு மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும், ஆக 1,100 ரூபாய் அறிவித்திருக்கிறது. நெட்டைத் தென்னை காய்க்கத் தொடங்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். காய்க்கத் தொடங்கினால் அறுபது ஆண்டுகளுக்கும் மேல் காய்க்கும். விழுந்த மரத்தை அப்படியே மட்கவிட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகி, புதிதாக வைக்கும் கன்றின் குருத்தைத் துளைத்துவிடும் என்பதால், நட்டத்தோடு நிற்காமல் கைக்காசைப் போட்டு உடனே அகற்றவும் வேண்டியிருக்கிறது. இங்கே தென்னங்கன்று என்று சொல்வதில்லை, பிள்ளை என்றுதான் சொல்கிறார்கள். “இதெல்லாம் எங்கப்பா வச்ச பிள்ள” என்று கொல்லைக்காரர் சொன்னபோது மெஷினை நிறுத்திவிட்டு நின்றோம். பிறகு அவரே போடச் சொன்னார்.

மூன்று.

26 நவம்பர், திங்கள்

இன்று காலை பத்து மணிக்கு நான் வேறோர் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பத்து மணிக்கு நான் 83ஆவது வீட்டில் இருந்தேன்.

27 நவம்பர், செவ்வாய்

கேரள மின்வாரியத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் பிரதான சாலையில் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது, ஆகஸ்ட் வெள்ளத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த அரிசியைத் தங்கள் வீட்டிலும் பொங்கியதாக ஒருவர் பாதித் தமிழில் சொன்னார். குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. ஒரு கம்பம் நடுவதற்குள் இரண்டு முறை இறைக்க வேண்டியிருக்கிறது. கொல்லைகளுக்குள் இணைப்பு வர இன்னும் பல நாளாகும்.

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. கத்தவில்லை. “வேலை முடிஞ்சா வந்துரு” என்றார்.

29 நவம்பர், வியாழன்

குரும்பைகள் சுருங்கிவிட்டன.

காலையில் ஒரு வீட்டுத் தார்ப்பாய் வேலிமேல் கிடப்பதாகச் செய்தி வந்தது. போய் மூலையைப் பிரித்துப் பார்த்தேன். கட்டும்போது பச்சையாக, கெட்டியாக இருந்த குரும்பை ஒன்பது நாளில் கறுத்து, வற்றி, விரலால் அழுத்தினால் உள்வாங்கியது. சுற்றியிருந்த கயிற்று வளையம் அதைவிடப் பெரிதாக நின்றது. அது நழுவாமல் என்ன செய்யும்? பெரியவர் கல் என்றுதான் சொன்னார். பாட்டிக்கும் தெரிந்திருக்கிறது. தென்னையோடு வாழ்ந்தவர்களுக்குக் குரும்பை என்னவாகும் என்று தெரியாதா? உதவ வந்த பிள்ளைகள் மனம் கோணக் கூடாதென்று மற்றவர்கள் பேசாமல் இருந்திருக்கிறார்கள். இரவு மழை வந்திருந்தால் அறுபது வீடுகளும் என்னால் நனைந்திருக்கும்.

வானம் மூடியிருக்கிறது. மாலைக்குள் பதினேழு வீடுகளை ஓட்டுத் துண்டும் செங்கல் சில்லும் வைத்து மாற்றிக் கட்டினோம். ஒவ்வொரு வீட்டிலும் தவறு என்னுடையது என்று சொன்னேன். ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள்.

30 நவம்பர், வெள்ளி

இன்று இருபத்தாறு. மீதி பதினேழு. இடிந்த வீட்டுச் சுவரிலிருந்து இரண்டு சாக்குச் சில்லுகளைப் பொறுக்கி வைத்தாகிவிட்டது. விடிந்ததும் வடக்குக் கொல்லையிலிருந்து தொடங்க வேண்டும்.