ராம் தாஸ் கட்டாரி: ஆற்று அளவையிலிருந்து கடற்படைத் தலைமைக்கு

இந்தியத் தரைப்படைக்கு 1949 ஜனவரியில் கரியப்பாவும், விமானப்படைக்கு 1954 ஏப்ரலில் சுப்ரதோ முகர்ஜியும் தலைமை ஏற்றுவிட்டார்கள். கடற்படை மட்டும் 1958 வரை பிரிட்டிஷ் அதிகாரிகளின் பொறுப்பிலேயே இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 22 அன்று ஸ்டீபன் கார்லிலிடமிருந்து பொறுப்பைப் பெற்றுக்கொண்டு, கடற்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஆனவர் வைஸ் அட்மிரல் ராம் தாஸ் கட்டாரி. அவர் 1911-இல் செங்கல்பட்டில் பிறந்தவர் என்பது அந்த ஊர்ப்பக்கத்தவர் பலருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

இந்தத் தாமதத்தை வெறும் காலனிய மிச்சமாக நான் பார்ப்பதில்லை. ஒரு போர்க்கப்பலுக்குத் தலைவனாகி, பிறகு பல கப்பல்கள் சேர்ந்த அணியை நடத்தும் தகுதி பெற ஓர் அதிகாரிக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் கடல் அனுபவம் தேவைப்படும். 1947-இல் மிக மூத்த இந்தியக் கடற்படை அதிகாரிகளே நடுத்தரப் பதவிகளில்தான் இருந்தார்கள். கட்டாரியோ நேர்வழியில் கடற்படைக்கு வந்தவர்கூட இல்லை. வணிகக் கப்பல்களுக்கு இந்திய இளைஞர்களைத் தயார்செய்வதற்காக 1927-இல் பம்பாயில் தொடங்கப்பட்ட டஃபரின் பயிற்சிக் கப்பலின் முதல் அணியில் சேர்ந்து, பயிற்சி முடிந்ததும் கல்கத்தா துறைமுகத்தின் ஹூக்ளி ஆற்று அளவைப் பணிக்குப் போனார்.

அந்த வேலையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வங்கக் கடலிலிருந்து கல்கத்தா வரை ஆற்றின் வழியே கப்பல் செல்லும் தடம் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. வெள்ளமும் ஓதமும் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) மணல்திட்டுகளை இடம் மாற்றிக்கொண்டே இருப்பதால், நேற்று பத்திரமாகக் கடந்த இடத்தில் இன்று கப்பல் தரைதட்டலாம். ஆகவே அளவைக்காரர்கள் படகில் சென்று மீண்டும் மீண்டும் ஆழம் பார்த்து, ஓதத்தின் உயரத்தைக் கணக்கில் கழித்து, வரைபடத்தைத் திருத்தியபடியே இருப்பார்கள். பொறுமையும் துல்லியமும் இல்லாதவனுக்கு அங்கே வேலை கிடையாது. போர் அதிகாரிக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் அமையாது என்பது என் கருத்து.

இரண்டாம் உலகப் போர் மூண்டதும் கடற்படையின் தன்னார்வ ரிசர்வ் பிரிவில் சேர்ந்த அவர், பின்னர் நிரந்தரக் கடற்படைக்கு மாற்றப்பட்டார். 1956-இல் இந்தியப் போர்க்கப்பல் அணிக்குத் தலைமை வகித்த முதல் இந்தியர் ஆனார். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள், 46 வயதில், தலைமைத் தளபதி.

அவருடைய நான்காண்டுப் பதவிக்காலத்தில் இரண்டு நிகழ்வுகள் முக்கியமானவை. பிரிட்டன் போர்க்காலத்தில் கட்டத் தொடங்கி, முடிக்காமல் விட்டிருந்த ஹெர்குலிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை இந்தியா 1957-இல் வாங்கியிருந்தது. அது 1961 மார்ச் 4 அன்று பெல்ஃபாஸ்டில் விக்ராந்த் என்ற பெயரில் நமது கடற்படையில் இணைந்து, நவம்பரில் பம்பாய் வந்து சேர்ந்தது. டிசம்பரிலேயே, போர்ச்சுகீசியரிடமிருந்து கோவாவை மீட்கும் ராணுவ நடவடிக்கை வந்துவிட்டது. பேத்வா, பியாஸ் ஆகிய போர்க்கப்பல்கள் மர்மகோவாவில் போர்ச்சுகீசியக் கப்பலான அஃபோன்சோ டி அல்புகெர்க்கைத் தாக்கிச் செயலிழக்கச் செய்தன. ஆனால் கார்வார் அருகே அஞ்சதீவில் தரையிறங்கிய நம் மாலுமிகளில் ஏழு பேர் உயிரிழந்தார்கள். இரண்டு நாளில் முடிந்த சுலபமான வெற்றி என்று கோவாவைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த ஏழு பேரை ஒரு வரியில்கூடச் சொல்லாமல் போவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

1962 ஜூனில் ஐம்பது வயதிலேயே ஓய்வுபெற்ற கட்டாரி, 1964 முதல் பர்மாவில் இந்தியத் தூதராக இருந்தார். அங்கே ராணுவ ஆட்சி நடத்திய நே வினின் அரசு கடைகளையும் நிறுவனங்களையும் நாட்டுடைமையாக்க, பல தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் உட்பட இந்தியர்கள் பெருந்திரளாகக் கப்பலேறிச் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. செங்கல்பட்டுக்காரர் ஒருவர் அந்த நேரத்தில் ரங்கூன் தூதரகத்துக்குத் தலைமை வகித்தது, பர்மா அகதிகளைப் பற்றிய நம் எழுத்துகளில் அதிகம் பேசப்படவில்லை. 1983 ஜனவரியில் செகந்திராபாத்தில் அவர் காலமானார்.