அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவர்

மதுரையில் எங்கள் வீடு 1994-ல் கட்டியது. அப்போது அடுப்படி மேடைக்குக் கருப்பு கிரானைட் போட்டதோடு சரி, சுவருக்கு எனாமல் பெயிண்ட்தான். தாளிக்கும்போது எண்ணெய் தெறிக்கும், குக்கர் விசில் வந்தால் பருப்புத் தண்ணீர் தெறிக்கும். வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் சோடா உப்புப் போட்டுத் தேய்த்து மறுபடி பெயிண்ட் அடிப்போம். சித்திரை வருவதற்குள் அடுப்புக்குப் பின்னால் மட்டும் மஞ்சள் ஏறிப் பிசுபிசுத்துவிடும். போன வருஷம் மேடையைத் தொடாமல் மேலே இரண்டடிக்கு டைல்ஸ் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தோம். இதற்குக் கொத்தனார்கள் சொல்லும் பெயர் டாடோ. ஒட்டும் வேலை மூன்று நாளில் முடிந்தது. எதை ஒட்டுவது என்று முடிவு செய்யத்தான் இரண்டு மாதம் ஆனது.

முதலில் டைல்ஸ் கடைக்குப் போனோம். காபி கோப்பை, திராட்சைக் கொத்து, மிளகாய் என்று படம் போட்ட டைல்ஸ்தான் ஒரு சுவர் முழுக்க இருந்தது. நாலைந்து வெறும் டைல்ஸுக்கு நடுவே ஒன்றாக வைக்க வேண்டுமாம், அதற்கு ஹைலைட்டர் என்று பெயர். என் கணவருக்கு அது பிடித்திருந்தது. எனக்கு மனசு ஒட்டவில்லை. தினமும் மூன்று வேளை நின்று பார்க்கிற இடத்தில் இருபது வருஷத்துக்கு அதே கோப்பைப் படம் வேண்டாம் என்று தோன்றியது.

எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, மூன்றுக்கு ஆறு அங்குலத்தில் செங்கல் அடுக்கு மாதிரி ஒட்டுகிற சின்ன வெள்ளை டைல்ஸ். நியூயார்க்கில் 1904-ல் திறந்த சுரங்க ரயில் நிலையங்களின் சுவர்களில் பதித்ததால் அதற்கு சப்வே டைல்ஸ் என்றே பெயர் நிலைத்துவிட்டது. இன்னொன்று ஆத்தங்குடிக் கல், காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடியில் கையால் செய்யும் பூப்போட்ட சிமெண்டுத் தரைக்கல். என் பெரியம்மா வீடு காரைக்குடியில். அந்தக் கூடத்துத் தரையில் படுத்துக்கொண்டு பூக்களை எண்ணி வளர்ந்தவள் நான். அந்தச் சிவப்பும் பச்சையும் என் அடுப்படியில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அதற்காக ஒரு சனிக்கிழமை ஆத்தங்குடிக்கே போனேன். ஒரு பட்டறையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். கண்ணாடித் துண்டு ஒன்றைத் துடைத்து, அதன் மேல் சதுரச் சட்டத்தையும் பூ வடிவத் தகர அச்சையும் வைக்கிறார்கள். கலர் கலந்த சிமெண்டுக் கூழை அச்சின் ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் ஊற்றி, அச்சை அலுங்காமல் தூக்கிவிடுகிறார்கள். கலர் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்பதுதான் அந்தக் கையின் பழக்கம். அதன் மேல் உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவி, பிறகு கலவையைப் போட்டு மட்டம் செய்கிறார்கள். காய வைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, கண்ணாடியைப் பிரித்தால் அந்தக் கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லில் இருக்கிறது. சூளை என்று ஒன்று கிடையாது.

சூளையில் சுடாத வெறும் சிமெண்டு என்பதுதான் என் ஆசைக்குத் தடையாக வந்தது. அங்கே வேலை பார்த்த பெரியவரிடம் அடுப்படிச் சுவருக்கு என்று சொன்னதும் கையை ஆட்டி மறுத்தார். “அடுப்புக்குப் பின்னாடி வேணாம்மா. எண்ணெயைக் குடிச்சிரும். புளித்தண்ணி பட்டா மேல்பூச்சை அரிச்சிரும். தரைக்குப் போடு, சாப்பிடுற இடத்துல போடு, காலத்துக்கும் நிக்கும்.” விற்கிறவரே வேண்டாம் என்று சொன்னதை நான் இன்றைக்கும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒரே ஒரு கல்லை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த ஒரு கல்தான் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிடலாம் என்ற யோசனையைக் கொடுத்தது. கடையில் பளபளப்பான செராமிக் டைல்ஸ் ஒன்று, சொரசொரப்பான மேட் டைல்ஸ் ஒன்று என்று மாதிரி கேட்டு வாங்கினேன். கல் அறுக்கும் இடத்தில் ஒரு கடப்பாக் கல் துண்டும் மேடையைப் போலவே ஒரு கருப்பு கிரானைட் துண்டும் கிடைத்தன. ஆத்தங்குடிக் கல்லோடு சேர்த்து ஐந்து. ஒவ்வொன்றின் மேலும் ஒரு மூலையில் மஞ்சள்தூளை நல்லெண்ணெயில் குழைத்துத் தடவினேன், இன்னொரு மூலையில் புளிக்கரைசல், மூன்றாவது மூலையில் எலுமிச்சைச் சாறு. ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் பாத்திரம் கழுவும் சோப்பும் பஞ்சும் வைத்துத் துடைத்தேன்.

பளபளப்பான செராமிக்கில் எதுவும் நிற்கவில்லை. மேட் டைல்ஸின் சொரசொரப்புக்குள் மஞ்சள் நிழலாகத் தங்கிவிட்டது, பிரஷ் போட்டுத் தேய்த்தபின்தான் போனது. கடப்பாக் கல்லில் எலுமிச்சை பட்ட இடம் வெளுத்துப்போனது. கடப்பாவும் மார்பிளும் சுண்ணாம்புச் சத்துள்ள கற்கள், புளிப்பு பட்டால் அரிக்கும். கிரானைட் அப்படி இல்லை, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆத்தங்குடிக் கல்லில் மஞ்சள் உள்ளேயே இறங்கிவிட்டது, புளி பட்ட இடத்தில் வழவழப்பு போய்விட்டது. அந்தக் கல்லை மொட்டை மாடியில் வெயிலில் ஒரு வாரம் வைத்தேன். மஞ்சள் கறை பாதிக்கு மேல் வெளுத்துவிட்டது. மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் வெயிலில் சிதைந்துவிடும் என்பது அப்போதுதான் கண்ணால் பார்த்துப் புரிந்தது. புளி பட்ட தடம் மட்டும் அப்படியே இருந்தது. மஞ்சள் ஏறியது கறைதான், புளியோ கல்லையே தின்றிருந்தது. அடுப்புக்குப் பின்னால் வெயிலும் வராது. சரி, அங்கே ஆத்தங்குடி இல்லை என்று அன்றைக்கு முடிவானது.

நான் கவனிக்காத ஒன்றை அத்தைதான் எடுத்துச் சொன்னார். “டைல்ஸைத் துடைச்சுப் பார்த்துட்ட, நடுவுல வர்ற கோட்டைப் பார்த்தியாம்மா? உன் சின்ன நாத்தனார் வீட்ல டைல்ஸ் பளிச்சுன்னு இருக்கு, கோடெல்லாம் கருப்பா இருக்கு.” உண்மைதான். மறுநாள் இரண்டு துண்டுகளைச் சேர்த்து வைத்து, சாதாரண வெள்ளை ஜாயிண்ட் பவுடரைக் குழைத்து அடைத்து, காயவிட்டு அதே மஞ்சளைத் தடவினேன். எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

அதன் பிறகு நான் டைல்ஸைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மேடை எல் வடிவம், ஒரு பக்கம் ஒன்பதடி, மறுபக்கம் ஆறடி. இரண்டடி உயரத்துக்கு 30 சதுர அடி. அடுப்புக்கு நேர் பின்னால் நாலடி அகலத்துக்கு இன்னும் இரண்டடி ஏற்றினால் 8 சேர்ந்து 38 சதுர அடி. மூன்றுக்கு ஆறு அங்குல டைல்ஸ் ஒட்டினால் ஒரு சதுர அடிக்கு எட்டு டைல்ஸ், ஏறக்குறைய ஆறடி நீளத்துக்கு ஜாயிண்ட். மொத்தம் 228 அடி. ஓரடிக்கு இரண்டடி டைல்ஸ் என்றால் ஒரு சதுர அடிக்கு ஒன்றரை அடிதான், மொத்தம் 57 அடி. துடைக்கப்போவது நானும் அத்தையும். சப்வே டைல்ஸின் அழகு இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும். எண்ணெய் தெறிக்காத இடத்தில் யாராவது போட்டால் சந்தோஷமாகப் பார்ப்பேன்.

ஜாயிண்டே இல்லாத கண்ணாடியையும் விசாரித்தோம். பின்பக்கம் பெயிண்ட் அடித்த டஃபன்ட் கண்ணாடி, அதாவது சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கிய கண்ணாடி. அடுப்புச் சூட்டுக்கு டஃபன்ட்தான் வேண்டும். ஆனால் டஃபன்ட் செய்தபிறகு அதில் ஓட்டை போட முடியாது. சுவிட்ச் பெட்டி எங்கே வரும் என்று முன்னாலேயே அங்குலக் கணக்கில் சொல்லியாக வேண்டும். பின்னாளில் ஒரு பிளக் பாயிண்ட் சேர்க்க நினைத்தால் மொத்தக் கண்ணாடியையும் மாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் கிரைண்டர் இடம் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் விட்டுவிட்டோம். கிரானைட்டையே சுவரிலும் ஏற்றலாம் என்றார்கள். மேடையும் கருப்பு, சுவரும் கருப்பு என்றால் அடுப்படி இருண்டுவிடும்.

நிறத்தைத் தேர்ந்தெடுத்தது அத்தை. அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்திருக்கிறது. கடையில் எல்லா நிறமும் நன்றாகத்தான் தெரிந்தது. அதனால் பால் வெள்ளை, வெளிர் சாம்பல், வெளிர் சந்தனம் என்று மூன்று மாதிரிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து மேடைமேல் சுவரில் சாய்த்து வைத்தேன். ராத்திரி லைட்டைப் போட்டதும், பால் வெள்ளை கண்ணில் அடிக்கிறது என்றார். சாம்பலில் வெந்தயமும் சீரகமும் தெறித்தால் தெரியவில்லை. தெரியாவிட்டால் துடைக்க மாட்டோம், பிசுபிசுப்பு ஏறிவிடும் என்றார். சந்தன நிறம், பளபளப்பு, படம் எதுவும் இல்லாதது. அதுதான் முடிவு.

பெட்டிக்கு ஐந்து டைல்ஸ், ஐந்து பெட்டி. இறக்கியதும் டைல்ஸ் போட வந்த அண்ணன் பெட்டிகளின் பக்கவாட்டில் அச்சடித்திருந்த பேட்ச் எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தார். நாலு பெட்டி ஒரே எண், ஐந்தாவது வேறு. பிரித்து அருகருகே வைத்தால் அந்த ஐந்தாவது ஒரு சாயல் கூடுதல் மஞ்சள். அன்றைக்கே கடையில் மாற்றிக்கொண்டோம். ஒட்டியபின் கவனித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

பழைய எனாமல் பெயிண்ட்மேல் அப்படியே ஒட்டினால் பிடிக்காது. அதனால் சுவர் முழுக்கக் கொத்துப் போட வேண்டியிருந்தது. அந்தத் தூசிக்கு மூன்று நாளும் கூடத்தில்தான் சமையல். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்ததில் ஒன்பதடிச் சுவர் ஒரு ஓரத்தில் அரை அங்குலம் வெளியே தள்ளியிருந்தது, அதைப் பூசி நேராக்கினார். செராமிக் டைல்ஸ் தண்ணீர் குடிக்கும், ஊற வைக்காமல் ஒட்டினால் கலவையிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு பிடிப்பு விட்டுவிடும் என்று ஒவ்வொன்றையும் அண்டாவில் ஊறப்போட்டார். அடுப்புக்கு நேர் நடுவே கோடு போட்டு அங்கிருந்து இரண்டு பக்கமும் போனார். வெட்டுத் துண்டுகள் ஓரங்களுக்குத் தள்ளிப்போய்விட்டன, கண் படும் இடத்தில் எல்லாம் முழு டைல்ஸ்.

இரண்டாம் நாள் சாயங்காலம் நான் ஒரு ரூபாய்க் காசை வைத்து ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிப் பார்த்தேன். இரண்டு டைல்ஸின் மூலையில் சத்தம் வெறுமையாகக் கேட்டது. “அண்ணே, இங்கே பொள்ளலா இருக்கு” என்றதும் அவரும் தட்டிப் பார்த்தார். “ஆமாக்கா, உதவிக்கு வந்த பையன் நடுவுல மட்டும் கலவை வச்சிருக்கான்” என்று அப்போதே பெயர்த்து, பின்பக்கம் முழுக்கத் தடவி மறுபடி ஒட்டினார். ஈரம் காய்வதற்குள் பார்த்ததால் உடையாமல் வந்தது.

ஜாயிண்டுக்கு எப்பாக்சி, கறை எளிதில் உள்ளே இறங்காத ஒரு பசை வகை. சாதாரணப் பவுடரைப் போலப் பல மடங்கு விலை. ஆனால் 57 அடிக்குத்தானே என்று துணிந்து வாங்கினோம். பசையும் கெட்டிப்படுத்தும் திரவமும் பவுடரும் தனித்தனியாக வருகின்றன. கலந்ததும் இறுக ஆரம்பித்துவிடும், மதுரை வெயிலில் இன்னும் சீக்கிரம். அதனால் ஒரு கிண்ணம் ஒரு கிண்ணமாகக் கலக்கச் சொன்னேன். அடைத்த கையோடு ஈரப் பஞ்சால் டைல்ஸைத் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் மேலே படலமாகக் காய்ந்து போகவே போகாது. அவர் அடைக்க, நான் பின்னாலேயே துடைத்துக்கொண்டு வந்தேன்.

மேடையும் சுவரும் சேருகிற மூலையில் மட்டும் சிலிக்கான் வைத்தோம். மேடைமேல் அம்மி, கிரைண்டர் என்று கனம் ஏறி இறங்கும்போது அந்த மூலை லேசாக அசையும், எப்பாக்சி வைத்தால் விரிசல் விடும் என்றார் அண்ணன்.

ஆத்தங்குடிக் கல்லை நான் முழுக்க விடவில்லை. அடுப்படியில் எதிர்ப்பக்கச் சுவரில், அத்தை உட்கார்ந்து கீரை ஆய்கிற பெஞ்சுக்கு மேல், எட்டுக்கு எட்டு அங்குலத்தில் பதினெட்டுக் கற்கள், ஆறடி நீளத்துக்கு இரண்டு வரிசை. அங்கே எண்ணெயும் வராது, புளியும் வராது. சோதனை செய்த கல் இப்போது மேடைமேல் சூடான சட்டியை இறக்கி வைக்கப் பயன்படுகிறது, புளித்தடத்தோடு.

எட்டு மாதம் ஆகிறது. ராத்திரி அடுப்பைத் துடைக்கிற துணியாலேயே சுவரையும் ஒரு இழுப்பு இழுத்துவிடுகிறேன். கோடுகள் ஒட்டிய அன்று இருந்த நிறத்திலேயே இருக்கின்றன. மிச்சம் இருந்த நாலு டைல்ஸை அந்த எண் தெரிகிற பெட்டியோடு பரணில் போட்டிருக்கிறேன். தொட்டிப் பக்கத்து மூலையில் மட்டும் சிலிக்கான் ஒரு சாண் நீளத்துக்குக் கருத்திருக்கிறது, எப்போதும் ஈரம் தேங்கும் இடம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதைக் கீறி எடுத்துவிட்டு, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, பூஞ்சை பிடிக்காத வகையாகப் பார்த்து மறுபடி வைக்க வேண்டும்.